தோட்டத்தில் வீடு: கேட்டவையும் என் பதில்களும்

அக்கா, கோபிசெட்டிபாளையம் பக்கம் இரண்டு ஏக்கர் இருக்கிறது. நடுவில் ஒரு மேடு, நல்ல காட்சி. உச்சியிலேயே வீடு போடலாமா?

உச்சியில் வேண்டாம் தம்பி. அங்கே வைத்தால் நாலு பக்கமும் வீடு மட்டும்தான் கண்ணில் படும், ஆடிக் காற்றும் நேராக வந்து மோதும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சரிவோடு சாய்ந்த மாதிரி வையுங்கள். அதிலும் எதுவும் சரியாக விளையாத மோசமான இடமாகப் பாருங்கள். நல்ல மண்ணும் நிற்கிற மரமும் அப்படியே இருக்கட்டும்.

ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையாவது பார்த்துவிட்டு பிளான் போடுங்கள். தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று கல் நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான் நிலம் பார்க்கப் போனால் முதலில் கேட்பதே இதைத்தான்.

அப்புறம், வீடு கிழக்கு மேற்காக நீளட்டும். தெற்கு வெயிலைத் தாழ்வாரம் தடுத்துவிடும். மேற்கு வெயில் தாழ்ந்து உள்ளே வரும், அதை எந்த சன்ஷேடும் தடுக்காது. அந்தப் பக்கம் குளியலறை, சாமான் அறை, மாடிப்படி என்று வைத்துவிடுங்கள்.

மேடம், எங்களுடையது விருதுநகர் பக்கம், கரிசல் மண். அந்த மண்ணிலேயே கல் அடித்துக் கட்டலாமா?

கரிசல் அதற்கு ஒத்துவராது. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் மண்கல்லுக்கு மணற்பாங்கான செம்மண் வேண்டும்: ஏறக்குறைய பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி. 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து, நாலு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், சூளையே தேவையில்லை. ஆரோவில் பார்வையாளர் மையம் இப்படிக் கட்டியதுதான், ஒருமுறை போய்த் தொட்டுப் பாருங்கள். மண் எடுப்பவர்கள் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். மேல்மண் செடிக்கு உரியது.

உங்களுக்குச் செங்கல்லே நல்லது. கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. செங்கல் சுமார் கால் பங்கு மிச்சமாகும், வெப்பமும் குறைவாக இறங்கும். கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய முறை இது. ஆனால் கோணல் இல்லாத கல் வேண்டும். கரிசலில் அஸ்திவாரத்தை மட்டும் இன்ஜினியரிடம் கேட்காமல் போடவே போடாதீர்கள்.

மண்சுவர் மழையில் கரையாதா அக்கா?

கூரை குட்டையாக இருந்தால் கரையும். நான் முதலில் கட்டிய மண்வீட்டில் கூரையை ஒன்றரை அடிதான் வெளியே நீட்டினேன். தரையில் பட்டுத் தெறித்த தண்ணீரே சுவரின் அடியை அரித்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் முகத்தை இன்னும் மறக்கவில்லை. இப்போது மூன்றடி நீட்டுகிறேன், அடியில் ஒன்றரை அடிக்குக் கருங்கல்.

அப்பா கான்கிரீட் கூரைதான் வேண்டும் என்கிறார்.

சரி, போடுங்கள். கம்பிகளுக்கு இடையே பழைய சீமை ஓட்டை வைத்து வார்க்கச் சொல்லுங்கள். தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, அந்த இடத்தை ஓடு அடைத்துக்கொள்ளும். சிமென்டும் எடையும் குறையும்.

மழைநீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 930 லிட்டர். உங்கள் ஊர் மழையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

வீட்டைச் சுற்றிப் புல்தரை போடலாமா?

வேண்டாம் தம்பி, தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். மேற்கே புங்கனும் வேம்பும் வையுங்கள். கன்றுகளை இந்த மழைக்கே நட்டுவிடுங்கள். வீடு முடிவதற்குள் ஆள் உயரம் வந்திருக்கும்.