இரண்டு மணி நேரமும் மூன்று சுரமும்

*வணக்கம். 36 வயதில் வீணை கற்கத் தொடங்கினேன், ஐந்தாண்டுகள் ஆகின்றன. தினமும் இரண்டு மணி நேரம் சாதகம் செய்கிறேன். தோடி ராகத்தில் அமைந்த ஆதி தாள வர்ணம் (பயிற்சிக்கான உருப்படி) ‘எரா நாபை’ முதற்காலத்தில் வந்துவிடுகிறது. இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில், வர்ணத்தின் முற்பாதியை முடிக்கும் முக்தாயி சுரத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தடுக்குகிறது. மூன்று மணி நேரமாக ஆக்கலாமா? காலை நல்லதா, மாலையா? விரல் நுனி காய்த்துப்போவதற்கு என்ன செய்வது?*
*ஒரு வாசகி, கோவை*

அன்புள்ள சகோதரிக்கு,

காலையா மாலையா என்பதை உங்கள் வீட்டு அடுப்பும் அலுவலகமும் முடிவு செய்யட்டும். விரல் காய்க்கத்தான் வேண்டும். தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு ஒரு கிண்ணத்தில் பக்கத்தில் இருந்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் ‘ஒவ்வொரு முறையும்’ என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். தடுக்கியதும் என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியும். வர்ணத்தின் தொடக்கமான பல்லவிக்குத் திரும்பிப் போகிறீர்கள். வர்ணம் முழுவதையும் இரண்டு காலத்திலும் வாசிக்க எட்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்தில் 15 முறை வாசிக்கலாம். ஏற்கெனவே நன்றாக வரும் பல்லவி 15 முறை மெருகேறுகிறது. தடுக்கும் இடமோ 15 முறை தடுக்கலாகவே கைக்குப் படிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தத் தடுக்கலை நீங்களேதான் சோறூட்டி வளர்த்திருக்கிறீர்கள். மூன்று மணி நேரமானால் அது இன்னும் கொழுக்கும்.

பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் அந்த வர்ணத்தில் நானும் இதே போல விழுந்தவன். தஞ்சாவூரில் என் ஆசிரியை உள்ளே கூடத்தில் அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். நான் முன்கட்டில் வீணையோடு இருப்பேன். நான் தடுக்கிவிட்டுப் பல்லவியை எடுத்தால், நறுக்கும் ஓசை நின்றுவிடும். “அங்கேயே” என்பார். அந்த ஒரு சொல்தான். எந்த இடம் என்றும் சொல்ல மாட்டார், என்ன பிழை என்றும் சொல்ல மாட்டார். எனக்கு அழுகை வரும்.

பிழையை நானே கண்டுபிடிக்கச் சில நாட்கள் ஆயின. தோடியின் காந்தாரத்தை (‘க’), அதற்கு முந்திய ரிஷபத்தின் (‘ரி’) மெட்டில், அதாவது தந்திக்கு அடியில் இருக்கும் உலோகக் கட்டையில், விரலை வைத்து, தந்தியை இழுத்துத்தான் வரவழைக்கிறோம். இழுத்த தந்தி தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பிய பிறகே விரல் அடுத்த மெட்டுக்கு நகர வேண்டும். முதற்காலத்தில் அதற்கு அவகாசம் இருப்பதால் குறை தெரிவதில்லை. இரண்டாம் காலத்தில், தந்தி பாதி இழுப்பில் இருக்கும்போதே விரல் நகர்ந்துவிடுகிறது. அடுத்த சுரம் சற்றே ஏறி ஒலிக்கிறது. காது அதைக் கேட்டுத் திடுக்கிட, வலக்கை மீட்டத் தயங்குகிறது. நாம் தடுக்கல் என்று சொல்வது இந்தத் தயக்கத்தைத்தான், பிழையோ அதற்கு ஒரு சுரம் முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. வேகம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு நீங்கள் வலக்கையை விரட்டியிருப்பீர்கள். பாவம் அந்தக் கை!

ஆகவே தடுக்கும் சுரம், அதற்கு முந்தியது, பிந்தியது என்று மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வாயால் பாடுங்கள். வாயில் வராதது கையில் வராது. பிறகு ஒரே மீட்டில் இழுத்து, தந்தி திரும்பி வந்து அமைவதைக் காதால் கேளுங்கள். அது நிச்சயமான பிறகு இரண்டாம் காலம். பத்து நாளைக்கு, நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் இரட்டைச் சுரப் பயிற்சியான ஜண்டை வரிசை வாசியுங்கள், அல்லது தூங்குங்கள். இந்தப் பத்து நாளும் பல்லவியைத் தொடக்கூடாது, ஆசைக்குக்கூட.

என் ஆசிரியை ஒரு நாள் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. நான் அந்த மூன்று சுரத்தையும் கடந்து, முக்தாயி சுரத்தை முடித்துவிட்டு, கைநடுங்க உட்கார்ந்திருந்தேன். சற்று நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது: “பஞ்சமத் தந்தி சுருதி இறங்கியிருக்கிறது, சேர்த்துக்கொள்.”