மின்கார் கேள்வி – பதில்: பெரிய பேட்டரியைப் பழிக்கும் முன்

கேள்வி: 18 நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்தால் ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. இரும்புச் சாவி போட்டு உள்ளே ஏறிச் சுவிட்சை அழுத்தினால் பிரேக், ஸ்டீயரிங், பேட்டரி என்று எல்லா விளக்கும் மின்னி அணைகின்றன. விட்டுப் போனபோது சார்ஜ் 78 சதவீதம். பெரிய பேட்டரி போய்விட்டதா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: கவலை வேண்டாம் அம்மா. படுத்திருப்பது அநேகமாக 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். பெரிய பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவே கான்டாக்டர் எனும் கனத்த ரிலேக்கள் உண்டு. அவற்றை மூடி இணைப்பு கொடுக்கும் மின்சாரம் சின்ன பேட்டரியிலிருந்து வரவேண்டும். அது சோர்ந்தால், உள்ளே 300 வோல்ட் இருந்தும் வெளியே வர வழியில்லை. எல்லா விளக்கும் ஒன்றாக மின்னுவதே இதற்கு அடையாளம். வோல்டேஜ் இறங்கும்போது கன்ட்ரோல் யூனிட்கள் ஒன்றையொன்று எட்ட முடியாமல் ஆளுக்கொரு பிழைக்குறியீட்டைப் பதிந்து வைக்கும். அதை நம்பி எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளந்து பாருங்கள். ஓய்வில் 12.6 இருந்தால் நலம், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே காலி. 12 வோல்ட் சார்ஜரால் நிரப்பி, வண்டியை ‘ரெடி’ நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி அளக்கவும். 13.5-க்கும் 14.5-க்கும் நடுவே ஏறினால் டிசி-டிசி கன்வெர்ட்டர் (பெரிய பேட்டரியிலிருந்து சின்னதை நிரப்பும் கருவி) வேலை செய்கிறது. 12.4-லேயே நின்றால் கன்வெர்ட்டரையும் அதன் ஃபியூஸையும் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக ஏறியும் ஒரே ராத்திரியில் இறங்கிவிட்டால் சின்ன பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அல்லது எதுவோ உறிஞ்சுகிறது. எப்போதும் மின்சாரம் இருக்கும் வயரில் டேஷ்கேம் மாட்டியிருக்கிறதா? வெறும் 100 மில்லிஆம்பியர் உறிஞ்சினாலும் 18 நாளில் 43 ஆம்பியர்-மணி போய்விடும். பல கார்களில் சின்ன பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே அவ்வளவுதான்.

உங்கள் பக்கம் கடல்காற்று. டெர்மினலில் களிம்பு பூத்திருந்தால், வண்டியை அணைத்துவிட்டு நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றி, ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். காய்ந்ததும் இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் போதும்.

கேள்வி: எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி வண்டி. ஓஎம்ஆரில் போகும்போது 22 சதவீதம் சட்டென்று 7 ஆனது. பேக்கையே (மொத்தப் பெரிய பேட்டரியையும்) மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், மேடவாக்கம்

பதில்: அதற்குள் சம்மதிக்காதீர்கள். எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் 30 முதல் 80 சதவீதம் வரை 3.3-ஐ ஒட்டியே தட்டையாக நிற்கும். வோல்டேஜைப் பார்த்து மிச்ச சார்ஜைச் சொல்ல முடியாது. அதனால் வண்டி, உள்ளே போன ஆம்பியரையும் வெளியே போனதையும் கூட்டிக் கழிக்கிறது. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். முழு சார்ஜ் ஏறும்போதுதான் கணக்கு நேராகும். ஸ்லோ சார்ஜரில் 100 வரை ஏற்றி, நின்ற பிறகும் 2 மணி நேரம் பிளக்கைக் கழற்றாமல் விடுங்கள். செல்களைச் சமன்செய்யும் வேலை பெரும்பாலும் அந்த உச்சியில்தான் நடக்கிறது. இப்படி மூன்று முறை செய்யுங்கள்.

பிறகும் விழுந்தால், ஓபிடி டாங்கிள் (வண்டியின் சோதனை போர்ட்டில் செருகி போனில் விவரம் காட்டும் சின்னக் கருவி) மாட்டி ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பாருங்கள். பாதி சார்ஜில் பார்த்துவிட்டு ‘எல்லாம் சமம்’ என்று முடிவுகட்டுவது பலரும் செய்யும் தவறு. அந்தத் தட்டையான இடத்தில் நலிந்த செல்லும் நலமாகத்தான் தெரியும். 15 சதவீதத்துக்குக் கீழே பாருங்கள், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து.

47-ஆம் எண் செல் ஓய்வில் மற்றவற்றோடு சமமாக இருக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்து 150 ஆம்பியர் ஓடும்போது மட்டும் 0.15 வோல்ட் கூடுதலாகத் தாழ்கிறது, காலை எடுத்ததும் மீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.15-ஐ 150-ஆல் வகுத்தால் 1 மில்லிஓம். அது அந்த இடத்தில் முளைத்த கூடுதல் தடை. 150 ஆம்பியரில் அங்கே 22 வாட் சூடு பிறக்கும், சால்டரிங் அயர்னை வைத்து அழுத்தியது போல. பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) இணைப்பு தளர்ந்திருக்கலாம், செல்லின் உள்தடை ஏறியிருக்கலாம். முதலில் இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மெதுவாக ஓட்டும்போதும் அதே செல் முந்திக்கொண்டு விழுகிறதா? அப்படியானால் அதன் கொள்ளளவே குறைந்துவிட்டது. அப்போதும் அந்த மாட்யூலை (அந்த செல் இருக்கும் தொகுதியை) மட்டும் மாற்ற வழியுண்டா என்று கேளுங்கள். புது மாட்யூலைப் பழையவற்றின் சார்ஜ் அளவுக்குக் கொண்டுவந்த பிறகே இணைக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே மாட்டினால் முதல் வாரத்திலேயே சமநிலை கெடும். பல நிறுவனங்களின் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வரை இருக்கிறது. ரீடிங்கைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தில் பதில் கேளுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வண்டி தண்ணீரில் நின்றது. அதிலிருந்து மழை நாளில் ‘இன்சுலேஷன்’ எச்சரிக்கை வருகிறது, வெயிலில் மறைகிறது. ஓட்டலாமா?
– வாசகர், பள்ளிக்கரணை

பதில்: மறைகிறது என்று விடாதீர்கள். பெரிய பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டுமே பாடியைத் தொடக்கூடாது. வண்டி இதை ஓயாமல் அளக்கிறது. பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவே உள்ள தடை, டிசி பக்கம் வோல்ட்டுக்கு 100 ஓம் என்பது குறைந்தபட்ச வரம்பு. 320 வோல்ட் பேக்குக்கு 32,000 ஓம். நல்ல வண்டி மெகாஓமில் காட்டும். ஸ்கேனரில் பி0ஏஏ6 என்ற பிழைக்குறியீடு வந்தால் கோளாறு இதுதான். பேக்கின் ஐபி67 எனும் நீர்ப்புகாத் தரம் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடத்துக்கானது, அதுவும் சீல் புதிதாக இருக்கும்போது. ஈரம் தங்குவது பெரும்பாலும் அடிப்பக்கக் கனெக்டரிலும், சார்ஜ் போர்ட்டிலும், ஹீட்டரிலும்.

ஏசி போட்டால் மட்டும் எச்சரிக்கை வருகிறதா என்று கவனியுங்கள். மின்கார் கம்ப்ரசருக்குப் பொதுவாக பிஓஇ எண்ணெய். பெட்ரோல் கார் பழக்கத்தில், மின்சாரத்தைக் கசியவிடும் பிஏஜி எண்ணெய் ஊற்றியிருந்தால் மழையே இல்லாமலும் இந்தப் பழுது வரும்.

ஆரஞ்சு நிறக் கேபிளை நீங்கள் தொடவே வேண்டாம். பயிற்சி பெற்றவர் 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றி, சர்வீஸ் பிளக்கை (பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் பிளக்) எடுத்து, 10 நிமிடமாவது காத்திருந்து, 1000 வோல்ட் கையுறையோடு மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே, ஒவ்வொரு கிளையாகப் பிரித்து 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) சோதிக்க வேண்டும். இனி தண்ணீர் ஏறினால் ஸ்விட்ச் போடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் படாதபடி லாரியில் ஏற்றி, வீட்டுச் சுவரை ஒட்டாமல் திறந்தவெளியில் நிறுத்துங்கள்.

கேள்வி: வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டில் 10 நிமிடத்தில் சார்ஜ் நிற்கிறது. தம்பி வீட்டில் ராத்திரி முழுக்க ஏறுகிறது.
– வாசகி, அம்பத்தூர்

பதில்: வண்டியில் குறை இல்லை, வீட்டு வயரிங்கில்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சார்ஜ் ஓடும்போதே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள்; 2, 3 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எர்த் குழி காய்ந்திருக்கும், அல்லது நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கும். பிளக் பின் பழுப்பேறியிருந்தால் சாக்கெட்டையும் மாற்றி, மெயினிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.