ஃபைபர் சிமென்ட் சுவருக்கு மூலைப் பட்டை: கேள்வி பதில்

தோட்டத்துச் சாளை, மொட்டை மாடி ரூம் என்று ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பிரேம் போட்டு, வெளிப்பக்கம் ஃபைபர் சிமென்ட் பலகை அடிக்கிறவர்கள், இரண்டு சுவர் சேரும் வெளி மூலையை மூடுகிற மூலைப் பட்டை பற்றிக் கேட்டவை இவை.

பொள்ளாச்சியிலிருந்து: அண்ணா, 8 மி.மீ. பலகையை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடிக்கிறோம். மூலைக்கும் அதே பலகையை மூன்று அங்குலமாகக் கீறி வைத்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. சரிவருமா?

வராதுங்க. பலகை மேல் பலகை ஏறும் இடத்தில் கனம் 16 மி.மீ. ஆகிவிடும். மூலைப் பட்டை அதைவிட வெளியே துருத்தி நிற்க வேண்டும். 8 மி.மீ. பட்டை உள்ளடங்கிப் போய், பலகைகளின் வெட்டு முனை எல்லாம் மழைக்குத் தெரியும். தண்ணீரை உறிஞ்சுவதே அந்த வெட்டு முனைதான். 20 முதல் 25 மி.மீ. கனத்தில் ஃபைபர் சிமென்ட் டிரிம் (ஓரப் பட்டை) கேட்டு வாங்குங்கள். தட்டையாக ஷீட் அடிக்கிற சுவர் என்றால் மேஸ்திரி சொல்வது சரி. ஷீட்டை மூலை வரை கொண்டுபோய், அதன் மேல் பட்டையை வைக்கலாம்.

திருப்பூரிலிருந்து: மாடி ரூமுக்கு பிவிசி பட்டை மலிவாக இருக்கிறது. மேற்குப் பார்த்த சுவர். போடலாமா?

அந்தச் சுவருக்கு வேண்டாம். மூன்று மீட்டர் பிவிசி பட்டை, சூடு 30 டிகிரி கூடினால் ஏறக்குறைய 5 மி.மீ. நீளும். அலுமினியம் 2 மி.மீ. நீளும், ஃபைபர் சிமென்ட் அதற்கும் குறைவு. நீள இடமில்லாமல் இறுக்கி அடித்த பிவிசி வளைந்து நிற்கும், அடர்ந்த நிறமென்றால் இன்னும் மோசம். நிழல் பக்கத்துக்கு வெள்ளைப் பட்டை போடலாம். ஆனால் ஸ்க்ரூ துளையை நீளவாக்கில் விடுங்கள்.

பல்லடத்திலிருந்து: ஆடிக் காற்றில் சாரல் அடித்தால் மூலையில் உள்பக்கம் ஈரம். இடுக்கை அடைக்கிற சீலன்ட் இரண்டு தடவை அடித்தாயிற்று.

மூன்றாவது தடவை அடிக்க வேண்டாம். முதலில் கத்தி முனையால் அந்தச் சீலன்டைக் கீறிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் பட்டையோடு ஒட்டியிருக்கும், பலகைப் பக்கம் மயிரிழை விட்டிருக்கும். வெட்டு முனையை விரலால் தேய்த்தால் சாம்பல் மாவு வரும். அந்தத் தூசியைத் துடைக்காமல், பிரைமர் அடிக்காமல் மேலே சீலன்ட் போட்டிருப்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நேராக அந்த மயிரிழைக்குள் தண்ணீரைத் தள்ளும்.

இன்னொன்றும் உண்டு. சீலன்ட் முதல் தடுப்புதான், அதை மட்டும் நம்பக் கூடாது. பலகை அடிக்கும் முன்பே பிரேம் மேல் வாட்டர்ப்ரூப் ஷீட்டை மூலையைச் சுற்றி இரு பக்கமும் ஓர் அடியாவது மடக்கி ஒட்டியிருக்க வேண்டும். ஷீட் மூட்டு மூலையிலேயே வரக் கூடாது. உங்கள் சுவரில் இது இல்லையென்றால், காற்று வரும் பக்கத்து மூலையை மட்டுமாவது கழற்றிச் செய்யுங்கள். செலவுதான், ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. மறுபடி அடிக்கும்போது பட்டைக்கும் பலகைக்கும் 3 மி.மீ. இடைவெளி விட்டு, பெயின்ட் பிடிக்கிற பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள். சாதாரண சிலிக்கானில் பெயின்ட் நிற்காது. பட்டையின் அடியை மட்டும் அடைக்காதீர்கள், உள்ளே போன தண்ணீர் இறங்க வழி வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: சாதா அலுமினிய எல் ஆங்கிள் போதுமா?

பவுடர் கோட்டிங் செய்தது வாங்குங்கள். சிமென்டின் காரமும் ஈரமும் சேர்ந்தால் வெறும் அலுமினியத்தை அரிக்கும். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதா இரும்பு ஸ்க்ரூவிலிருந்து துருக் கறை சுவரில் கோடாக இறங்கும்.

கோபியிலிருந்து: பழைய வீட்டுத் தேக்குச் சட்டம் இருக்கிறது. மூலைக்கு வைக்கலாமா?

தாழ்வாரத்துக்குள் தாராளமாக வைக்கலாம். வெளியே என்றால் ஆறு பக்கமும், முக்கியமாக இரண்டு தலைமுனையும், பொருத்தும் முன்பே பெயின்ட் அடித்து, தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே நிறுத்துங்கள். பலகைக்கும் அதே ஆறு அங்குலம்தான்.

ஈரோட்டிலிருந்து: பட்டையே இல்லாமல் 45 டிகிரியில் சீவிச் சேர்க்கலாமா?

பார்க்க அழகுதான். ஆனால் சீவிய முனை மெலிந்து, சின்ன இடிக்கும் உதிரும். தவிர, அப்படிச் சீவும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலைக் கெடுக்கும். எந்தப் பட்டை போட்டாலும் சரி, வெட்டுவது திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கம் வரும்படி நின்றுதான். வெட்டுகிற பையனுக்குத் துண்டு போதாது, என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.