சின்ன வயதில் படித்த பள்ளிக்குப் பல வருடம் கழித்துப் போனால் எல்லாமே சுருங்கிவிட்டது போலத் தெரிவது ஏன்? நாம் எவ்வளவு வளர்ந்திருக்கிறோம் என்று அங்கேயே அளந்து பார்க்க முடியுமா?

முடியும். ஓர் இஞ்ச் டேப்பும் பழைய போட்டோ ஒன்றும் போதும்.

காரணம் கண்மட்டம். ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் சராசரியாக 115 செ.மீ. கண் அதற்கு 10 செ.மீ. கீழே, தரையிலிருந்து 105-ல் இருக்கும். 165 செ.மீ. வளர்ந்தவருக்கோ 154-ல். சுவரோ படியோ, பக்கத்தில் இருக்கும் எதையும் இந்தக் கண்மட்டத்தை வைத்தே மதிப்பிடுகிறோம். அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது, கட்டடம் அப்படியே நிற்கிறது. கண்மட்டம் மட்டுமல்ல, நம் உடலின் அளவும் இப்படி அளவுகோலாகிறது என்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் சோதித்துக் காட்டினார்கள். 30 செ.மீ. பொம்மையின் உடலே தன் உடல் என்று ஒருவரை உணரவைத்தபோது, எதிரிலிருந்த பொருள்கள் அவருக்குப் பெரிதாகவும் தொலைவாகவும் தெரிந்தன.

அதே ஊரில் தொடர்ந்து இருப்பவருக்கு இந்தத் திகைப்பு வராது. வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளரும்போது கண்ணும் கூடவே பழகிவிடும். ஐந்தாம் வகுப்போடு வேறு ஊருக்குப் போனவருக்குத்தான் மொத்த வித்தியாசமும் ஒரே நாளில் தெரியும்.

எல்லாம் ஒரே மாதிரி சுருங்குவதும் இல்லை. அதிகம் மாறியிருப்பது 105-க்கும் 154-க்கும் இடைப்பட்ட உயரத்தில் இருப்பவை. நாலடிக் காம்பவுண்டுச் சுவர் 122 செ.மீ. அன்று அது பார்வையை மறைத்தது, இன்று அதற்கு அப்பால் தெரு முழுதும் தெரிகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. நம் கண் அரை மீட்டர் உயர்ந்ததால் அதை அண்ணாந்து பார்க்கும் கோணம் மாறுவதாகவே தெரியாது. ஆகவே கோபுரத்தையும் மைதானத்தையும் விட்டுவிட்டு, கை கால் பட்டுப் பழகிய இடங்களுக்குப் போங்கள்: குழாயடி, படிக்கட்டு, ஜன்னல் திண்டு.

அங்கே மண்டியிட்டு, முதுகை நிமிர்த்தி நில்லுங்கள். 165 செ.மீ. ஆளின் கண் அப்போது 110 செ.மீ. பக்கம் வந்துவிடும், ஆறேழு வயதின் கண்மட்டம் அது. அந்த உயரத்தில் போனைப் பிடித்து ஒரு படம், எழுந்து நின்று ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எந்த விளக்கத்தையும்விட நன்றாகப் புரியவைக்கும்.

வராந்தாவையும் நடந்து பாருங்கள். நடக்கையில் வைக்கும் ஓர் எட்டு என்பது சுமாராக உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 20 மீட்டர் வராந்தா அன்று 43 எட்டு, இன்று 30.

அன்றைய உயரம் தெரியாவிட்டால் பழைய போட்டோவிலிருந்து எடுக்கலாம். கதவு நிலையின் உண்மையான உயரம் 200 செ.மீ., படத்தில் 80 மி.மீ., பிள்ளை 46 மி.மீ. என்றால் 200 × 46 ÷ 80 = 115 செ.மீ. பிள்ளை சுவரை ஒட்டி நின்றிருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு சரிவரும். கேமரா சுவரிலிருந்து 4 மீட்டரில் இருக்க, பிள்ளை சுவரைவிட்டு 1 மீட்டர் முன்னால் நின்றிருந்தால் விடை 150-ஐத் தாண்டிவிடும். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்த சிக்கல் தரை. பழைய சிமெண்டுத் தரைமேல் டைல்ஸ் ஒட்டினால் இரண்டு அங்குலம் ஏறும். தெருவில் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டிருந்தால் வாசற்படியே புதைந்திருக்கும். சுவர் குட்டையானதற்கு உங்கள் வளர்ச்சி மட்டும் காரணமாக இருக்காது. அஸ்திவாரத்தின் மேல்விளிம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்தால் இது பிடிபடும்.

மைதானத்து வேப்பமரத்தில் உங்கள் உயரத்துக்குக் கீறிய குறி இருந்தால் அதை நம்பலாம். மரம் நுனியில்தான் உயரும், அடிமரம் பருக்க மட்டுமே செய்யும். குறி அகன்றிருக்கும், ஆனால் மேலே ஏறியிருக்காது. மரத்தடியில் மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு அளந்துகொள்ளுங்கள்.