வாசகர் கேள்வி-பதில்: அம்மா என்னைக்கு ஸாக்ஸ் போட்டாங்க?

கேள்வி: எங்கம்மாவுக்கு 52 வயசு, நாலு வீட்ல வேலை பாக்குறாங்க, ரெண்டு வருஷமா இடுப்பு வலி. ஒரு ஆஸ்பத்திரில இடுப்பு வலி ஆராய்ச்சி நடக்குது, சேந்துக்கிறீங்களான்னு கேட்டு ஒரு ஃபாரம் குடுத்தாங்க. அதுல 'ஸாக்ஸ் போட கஷ்டமா இருக்கு'ன்னு ஒரு வரி. அம்மா என் மூஞ்சியப் பாத்தாங்க. வாரத்துல மூணு நாள் காலைல 10 மணிக்கு வரணுமாம், அந்த நேரம் அம்மா மூணாவது வீட்ல பாத்திரம் தேச்சிட்டு இருப்பாங்க. வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டோம். எங்கள மாதிரி ஆளுங்க சேரலன்னா யாருக்கு என்ன நஷ்டம் மேடம்?
- ஒரு மகள், வியாசர்பாடி

பதில்: நஷ்டம் உங்கம்மாவுக்குத்தாம்மா, அவங்கள மாதிரி வேலை பாக்குற லட்சக்கணக்கான பேருக்கும்தான். அந்த ஸாக்ஸ் வரி எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்றேன். ரோலண்ட்-மாரிஸ்னு ஒரு கேள்வித்தாள், 1983-ல இங்கிலாந்துல போட்டது, மொத்தம் 24 வரி, எத்தனை டிக் அடிக்கிறோமோ அதான் மார்க், மார்க் ஏற ஏற கஷ்டம் ஜாஸ்தின்னு அர்த்தம். அந்த ஊர் குளிருக்கு ஸாக்ஸ் இல்லாம முடியாது, அதனால அவங்களுக்கு அது நல்ல கேள்விதான். இங்க உங்கம்மா அதுல டிக் அடிக்க மாட்டாங்க, ஒரு மார்க் போச்சு, பேப்பர்ல அவங்க வலி கம்மியாயிடுது. தரையில குந்தி உக்காந்து துடைக்கிறது, அடி பம்புல அடிச்சு குடத்த இடுப்புல வெச்சு மாடி ஏறுறது, இதுல எதாவது அதுல இருக்கா? கிடையாது. வெறுமனே தமிழ்ல மொழிபெயர்த்தா பத்தாது, நம்ம வீட்டு வேலைய வெச்சே கேள்வி கேக்கணும்னு நான் சொல்லிட்டே இருக்கேன்.

அடுத்தது அந்த 10 மணி. அந்த நேரத்துக்கு யாரால வர முடியும், லீவு போட்டாலும் சம்பளம் வர்றவங்க, ரிடயர் ஆனவங்க. கோயம்பேட்ல மூட்டை தூக்குறவரு வர மாட்டாரு, காசிமேட்ல மீன் கூடை சுமக்குற அக்கா வர மாட்டாங்க, ஆனா கடைசில ரிசல்ட் மட்டும் எல்லாருக்கும் சேத்து எழுதிடுவாங்க. 2020-ல உலகத்துல 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி, 2050-ல 84.3 கோடி ஆகும்னு கணக்கு போட்டிருக்காங்க. 2023-ல உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி செய்யுங்க, வலிய பத்தி புரிய வைங்கன்னு வழிகாட்டி குடுத்துச்சு. நல்ல விஷயம். ஆனா நாள் முழுக்க குனிஞ்சு நிமிர்ற ஒருத்தங்க எந்த பயிற்சிய எப்ப செய்யணும்னு அவங்கள சேத்து பாத்தாதான தெரியும்?

இதுக்கு வழி இல்லாம இல்ல. 2021 ஆகஸ்ட்லேர்ந்து தமிழ்நாடு அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோதெரபி வீட்டுக்கே வருது, ஆராய்ச்சியும் அப்படி சாயங்காலமோ ஞாயித்துக்கிழமையோ வியாசர்பாடிக்கே வரட்டும். பஸ் செலவும் போன நேரத்துக்கு பணமும் குடுக்கலாம்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட 2017 நெறிமுறையிலயே இருக்கு. அதனால நீங்க திரும்ப போய் கூச்சப்படாம கேளுங்க: கூலி போறதுக்கு என்ன குடுப்பீங்க, வேற நேரம் இருக்கா, சம்மத பாரத்த தமிழ்ல படிச்சு காட்டுவீங்களா. படிக்கத் தெரியாதவங்க சம்மதம் குடுக்கும்போது ஆராய்ச்சில சம்பந்தப்படாத ஒரு சாட்சி கூட இருக்கணும், அது விதி. நடுவுல வேணாம்னு விலகினாலும் வழக்கமா குடுக்குற வைத்தியத்த நிறுத்தக் கூடாது. ஸாக்ஸ் விஷயத்தையும் அவங்ககிட்டயே சொல்லுங்க, ஃபாரம் எழுதினவங்க காதுக்கு அது போகணும்.

சேந்தாலும் சேரலன்னாலும் ஒண்ணு, அம்மாவுக்கு காலு திடீர்னு மரத்துப் போனாலோ, பலம் குறைஞ்சாலோ, ஒண்ணுக்கு போறதுல சிக்கல் வந்தாலோ ஒரு நாள் கூட தள்ளிப் போடாம உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க.