மகள் காட்டுத்தீயைப் படிக்கிறேன் என்கிறாள், அனுப்பலாமா?

ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் ‘தீயணைப்பு வேலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உங்கள் மகள் கேட்பது குழாய் பிடிக்கிற வேலை இல்லை. மலையில் தீ பிடித்திருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு அது எங்கே நிற்கும், எவ்வளவு வேகமாக ஏறும், எந்தப் பக்கத்து ஆட்களை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும் என்று காலையிலேயே கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை அது. அமெரிக்காவில் இதற்குத் தனிப் பதவியே உண்டு. ஃபயர் பிஹேவியர் அனலிஸ்ட், சுருக்கமாக ‘எஃப்பேன்’ என்பார்கள்.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதை அந்த நாடு பட்டுத்தான் கற்றது. 1949இல் மொன்டானாவின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் தீயணைக்கப் போன 13 பேர் மாண்டார்கள். 1960இல் அதே மாநிலத்தின் மிசூலாவில் காட்டுத்தீக்கென்றே ஓர் ஆய்வகம் திறந்தது. தீ பரவும் வேகத்துக்கு அங்கிருந்த ரிச்சர்ட் ராதர்மல் 1972இல் வெளியிட்ட சமன்பாடுகள்தான் அங்கே பல மென்பொருள்களுக்கு இன்றைக்கும் அடிப்படை. அப்படியும் 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் ஹில்லில், இடிமேகத்திலிருந்து இறங்கிய காற்று தீயின் திசையைத் திருப்பிவிட, 19 தீயணைப்பு வீரர்கள் சிக்கி இறந்தார்கள்.

பாடம் என்ன என்று கேட்டால் மூன்றுதான்: எரிகிற பொருள், வானிலை, நிலத்தின் அமைப்பு. சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது களத்தில் சொல்கிற பழைய கணக்கு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்ததே, 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்தச் செங்குத்துச் சரிவையும் காய்ந்த புல்லையும் நினைத்துப் பாருங்கள். எரிகிற பொருளின் ஈரம் மாற எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை வைத்து அதை இத்துறையினர் வகை பிரிப்பார்கள். காய்ந்த புல், சருகு, கால் அங்குலத்துக்கு மெலிந்த சுள்ளி எல்லாம் ‘ஒரு மணி நேர’ எரிபொருள்: காற்றின் ஈரம் மாறினால் ஒரு மணி நேரத்துக்குள் அதுவும் மாறிவிடும். பெரிய மரத்துண்டு ‘ஆயிரம் மணி நேர’ வகை, காயவே வாரங்கள் ஆகும். காலையில் பனி ஈரத்தில் புகைந்துகொண்டிருந்த புல் மதியம் பாய்வது இதனால்தான். பிளஸ் டூ இயற்பியல் பிடித்த பெண்ணுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் இதைக் கல்லூரியில் சேர்ந்து நான்கு வருடத்தில் வாங்கிவிட முடியாது. அங்கே புதிதாகச் சேர்கிற எல்லோருக்கும் எஸ்-190 என்ற அறிமுக வகுப்பு. அப்புறம் எஸ்-290, எஸ்-390, எஸ்-490, கடைசியில் எஸ்-590. இடையில் வருடக்கணக்கில் களப்பணி. பயிற்சியாளராக உண்மையான தீக்குப் போய், மூத்தவர் ஒருவர் பணிக்குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பதவி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்நாட்டுக் கூட்டாட்சி அரசின் நிரந்தர வேலைக்குப் பொதுவாகக் குடியுரிமை கேட்பார்கள். அங்கே படித்தால் அங்கேயே வேலை என்று யாராவது ஆசை காட்டினால் பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சரி, இங்கே என்ன இருக்கிறது? இதே பெயரில் ஒரு பதவியை எதிர்பார்க்காதீர்கள், வேலை மட்டும் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. அதே ஊரில் செயற்கைக்கோள் படங்களை ஆராயக் கற்றுத்தரும் இஸ்ரோவின் தொலையுணர்வுப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வனத்துறை அதிகாரியாக வந்தால் களம் நேரடியாகக் கைக்கு வரும்.

எனக்குக் கேட்டால் இரண்டு வழி சொல்வேன். ஒன்று, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் இளநிலை வனவியல். மற்றது, பிஎஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு வானிலை அறிவியல் அல்லது புவித்தகவலியலில் (கணினியில் வரைபடத் தகவலைக் கையாளும் படிப்பு) முதுகலை. என் சாய்வு இரண்டாவது பக்கம். இயற்பியல் பட்டத்தோடு யூபிஎஸ்சியின் இந்திய வனப்பணித் தேர்வையும் எழுதலாம், காட்டுத்தீ வேலை அவளுக்குப் பிடிக்காமல் போனாலும் வானிலை, பேரிடர், வரைபடம் என்று வேறு கதவுகள் திறந்திருக்கும். கணிதமும் கொஞ்சம் நிரல் எழுதவும் இரண்டு வழிக்கும் வேண்டும்.

பெண்பிள்ளையைக் காட்டுக்கு எப்படி அனுப்புவது என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். நம் வனத்துறையில் பெண்கள் வனக்காப்பாளராகவும் வனச்சரகராகவும் காட்டுக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் அவளைப் பேச வையுங்கள், நான் சொல்வதைவிட அது பலிக்கும்.

தீ எப்படிப் பரவும் என்று கணக்கிடும் பிஹேவ்பிளஸ் என்ற மென்பொருள் இணையத்தில் இலவசம். இந்த விடுமுறையில் அதை இறக்கி, காற்றையும் சரிவையும் ஈரத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, விடையை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்து நாளில் சலித்துவிட்டதா, நோட்டு நிரம்பியதா என்று தெரிந்துவிடும். அந்த நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள், விண்ணப்பத்தை அப்போது நிரப்பலாம்.