பிரசவத்தின் பின் என் உடலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. களிமண் வேலை உதவுமா?

குழந்தை பிறந்ததிலிருந்து கண்ணாடியைத் தவிர்ப்பதாகவும், களிமண் வகுப்புக்குப் போனால் உடலோடு இணக்கம் வரும் என்று தோழி ஒருத்தி சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் சிசேரியன் நடந்திருக்கும், வயிற்றைப் பற்றி உறவினர் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு பதிலளிக்கிறேன்; அப்படியில்லையென்றால் பொறுத்தருளுங்கள். இணக்கம் என்ற பெரிய வார்த்தையை நான் சொல்லமாட்டேன். என் உடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை கண்ணிடமிருந்து கைக்கு மாறியது, அவ்வளவுதான்.

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வகுப்பு கொழும்பு ஏழில் ஒரு வீட்டின் பின்புறத்தில் நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் விலாவிலிருந்து இடுப்பு வரை தடவிப் பார்த்தபடி, மறு கையால் வயிற்றுப் பகுதியை உள்ள அளவிலேயே மண்ணில் செய்யுமாறு ஆசிரியை சொன்னார். முடிந்தபின் நாடாவை வைத்துப் பார்த்தால், நான் செய்த இடை என்னுடையதைவிட நான்கு விரற்கடை அகலமாக இருந்தது. அந்த நான்கு விரற்கடையில் பெரும்பங்கு கலியாண வீடுகளில் "உடம்பு நல்லா வைச்சிட்டுது பிள்ளை" என்று மாமிமார் சொல்லிச் சொல்லிச் சேர்த்தது. மீதியைச் சேர்த்தவர், சாறிச் சட்டைக்கு அளவெடுக்கும்போது என் கைச் சுற்றளவைக் கடை முழுவதும் கேட்கும்படி கூவுகின்ற தையற்காரர். ஆண்களின் காற்சட்டைக்கு அளவெடுக்கையில் மட்டும் அவருடைய குரல் எப்படித் தணிந்துவிடுகிறது என்பதை யாராவது எனக்கு விளக்கினால் நன்று.

தடித்த உருவத்தை அப்படியே சூளையில் வைக்க முடியாது. உள்ளே தங்கிய ஈரம் நூறு பாகையைத் தாண்டும்போது நீராவியாகி, வெளியேற வழியின்றி உருவத்தை வெடிக்கச் செய்துவிடும். ஆகவே மண் பாதி இறுகியதும் கம்பியால் அறுத்து, உட்புறத்தைக் குடைந்து, சுவரை ஒரு விரல் தடிப்பாக்கி, வெட்டிய விளிம்புகளைக் கீறிக் களிக்குழம்பு பூசிப் பொருத்த வேண்டும். சத்திரசிகிச்சையன்று நெஞ்சுக்கு மேலே கட்டிய திரைக்கு அப்பால், நான் பார்க்க முடியாதபடி நடந்த வேலையை இம்முறை நானே செய்தேன். பொருத்திய கோட்டைத் தேய்த்து மறைத்தேன். சுட்டபின் அது மெல்லியதாக மீண்டும் தெரிந்தது. காய்ந்தும் வெந்தும் மண் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். பிள்ளை பெற்றபின் நான் மெலிந்தது அந்தச் சூளையில் மட்டுமே.

தமிழ்ப் பெண்ணுக்கு இது அழகா என்று கேட்கப்போகிறவர்கள், கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் பொலன்னறுவையிலிருந்து வந்த காரைக்கால் அம்மையாரின் வெண்கலப் படிமத்தைப் பார்க்கட்டும். வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாகக் கையில் தாளத்துடன் அமர்ந்திருக்கிறார். கணவனுக்காகத் தாங்கிய வனப்பு இனி வேண்டாம் என்று பேயுருவைக் கேட்டு வாங்கியவர் அவர். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. எனக்குத் தசை வேண்டும்.

மண்ணை மருந்தென்று நான் சொல்லவில்லை. காரணமில்லாத அழுகையும், குழந்தையைத் தூக்கவே மனமில்லாமையும் இருந்தால் முதலில் மருத்துவமாதிடமோ வைத்தியரிடமோ பேசுங்கள். சத்திரசிகிச்சை நடந்து சில மாதங்கள் ஆகவில்லையென்றால், மண் பிசைவதை வேறொருவரிடம் விடுங்கள். உடற்பாரம் முழுவதையும் வைத்து அழுத்தும் வேலை அது. வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்பாரும் உண்டு. வகுப்புக் கட்டணம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் கண்டி வீதியில், கேகாலைப் பக்கம் மொலகொடையில் சட்டி பானை செய்பவர்களிடம் பிசைந்த மண் கேட்டுப் பார்க்கலாம். செய்ததைப் பொலித்தீனால் தளர்வாகப் போர்த்தி வையுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் காய நாளாகும் என்று அவசரப்பட்டு மின்விசிறிக்குக் கீழே வைத்தால், ஓரம் முந்திக் காய்ந்து வெடிப்பு விடும். வயிற்றில் தொடங்க வேண்டாம். பாதத்தில் தொடங்கினால் எலும்பு கைக்கு எளிதில் அகப்படும்.